வீட்டிற் பொருத்திய கணினி இயங்க மறுத்தால்

கணினியின் உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்வோர் நம்மிடையே பலர் உளர். அவ்வாறு பொருத்தி முடித்து ஆளியை அழுத்துங்கால், விசிறி சுழலும், விளக்கும் ஒளிரும், திரை மட்டும் இருண்டே கிடக்கும். உடனே, தாய்ப்பலகை பழுதென்பார் ஒருவர். மையச் செயலி எரிந்ததென்பார் மற்றொருவர். இவ்வுறுப்புக்கள் யாவும் பிறநாடுகளிலிருந்து வருவன. 2022 இல் நம் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது அவற்றின் விலையும் வெகுவாக ஏறிற்று. ஆதலின், மற்றவர் ஊகத்தை நம்பி இன்னோர் உறுப்பை வாங்குமுன், வீட்டிலே செய்யத்தக்க சோதனைகளை அறிந்திருத்தல் நன்று.

விசிறி சுழல்வது கணினி நலமாயுள்ளது என்பதற்குச் சான்றாகாது. விசிறிக்கு வேண்டியது 12 வோல்ட் மின்சாரம் மட்டுமே. கணினியோ, எழும்போது தன் உறுப்புக்களைத் தானே சோதிக்கின்றது. 1981 இல் வெளிவந்த ஐபிஎம் கணினி, அச்சோதனை நிறைவேறியதை ஒரு குறுகிய ஒலியால் அறிவித்தது. இன்றைய தாய்ப்பலகைகள் பலவற்றில் இதற்கென நான்கு சிறு விளக்குகள் உள. அவற்றுள் எது அணையாது நிற்கின்றதோ, அவ்விடத்தே சோதனை தடைப்பட்டது என்பது பொருள். எனினும், நினைவக விளக்கு எரிவதனால் நினைவகமே பழுதென்று துணிதல் கூடாது. செயலி அமரும் குழியில் ஓர் ஊசி வளைந்திருப்பினும் அவ்விளக்கு எரியக்கூடும்.

பெட்டியினுட் கைவைக்குமுன் மின்னிணைப்பைச் சுவரிலிருந்து கழற்றிவிடுக. பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னை நீக்குக. மின்வழங்கியை மட்டும் எக்காரணங் கொண்டும் திறத்தலாகாது. இணைப்பைக் கழற்றிய பின்னரும் அதனுள்ளே ஆபத்தான மின்னேற்றம் எஞ்சியிருக்கலாம்.

அடுத்து இணைப்புக்களைப் பாருங்கள். தாய்ப்பலகைக்கு 24 முனைகள் கொண்ட இணைப்பு ஒன்று. மையச் செயலிக்கு 4 அல்லது 8 முனைகள் கொண்ட இணைப்பு வேறொன்று. பின்னையதை மறந்தால் விசிறி சுழலும், கணினி எழாது. கிராபிக்ஸ் அட்டை உள்ளதாயின், திரையின் கம்பி அவ்வட்டையிலேயே செருகப்பட்டிருத்தல் வேண்டும்.

இதன் பின்னரும் பயனில்லையேல், இன்றியமையாதன தவிர மற்றெல்லாவற்றையும் கழற்றுக. மின்வழங்கி, தாய்ப்பலகை, குளிர்விப்பானோடு கூடிய செயலி, ஒரேயொரு நினைவக அட்டை ஆகியன போதும். செயலியிற் படம் அனுப்பும் பகுதி இல்லையெனிற் கிராபிக்ஸ் அட்டையும் வேண்டும். நினைவக அட்டையை, பூட்டு விழும் ஓசை கேட்கும்வரை அழுத்துக. முதலில் கைந்நூல் கூறும் குழியிலும், பின்னர் வேறொரு குழியிலும் இட்டுப் பார்க்க. நாணய வடிவான 3 வோல்ட் மின்கலத்தைச் சில நிமிடம் கழற்றிவைத்தால், பெரும்பாலும் பிழையான அமைப்புக்கள் நீங்கித் தொடக்க நிலை மீளும்.

இங்கே பொறுமையும் வேண்டும். டிடிஆர் 5 வகை நினைவகம் கொண்ட கணினி, முதன்முறை எழும்போது, நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கலாம். அதுவரை திரை இருண்டேயிருக்கும். பழுதென எண்ணி இடையிலே நிறுத்துவோர், அவ்வேலையை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவைக்கின்றனர். பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருத்தல் தகும்.

கணினி எழுந்தபின், கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் இயக்கிப் பாருங்கள். எதனைச் சேர்த்ததும் நின்றதோ, ஐயத்திற்குரியது அதுவே. ஒரே வேளையில் இரண்டை மாற்றினால், பயன் எதனால் விளைந்ததென்று அறிய முடியாது. செய்தவற்றையெல்லாம் ஒரு தாளிற் குறித்து வைப்பதும் நலம்.

எவ்வாற்றானும் எழாவிடின் கடைக்காரரை நாடுவதே முறை. செயலி புதியதாயும் தாய்ப்பலகை அதற்கு முற்பட்டதாயும் இருப்பின், பலகையின் அடிப்படை மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். இதனை மறவாது கேளுங்கள். குறித்து வைத்த தாளையும் உடன்கொண்டு செல்லுங்கள். உத்தரவாதக் காலத்தில் பழுதான உறுப்பை மாற்றித் தரும்படி கேட்பவருக்கு, அத்தாளே நல்ல துணையாகும்.