இரு கொள்கைகளும் நமது பொறுப்பும்



வெள்ளி விழாக் காணும் நமது கல்விச் சங்கத்தின் மேடையில், அரசு, சமத்துவம், தனிமனிதப் பொறுப்பு ஆகியன பற்றி அமெரிக்கரும் பொதுவுடைமையாளரும் கொண்ட கருத்துகளைச் சிறிது ஆராய விழைகின்றோம். சிவகாசித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என வினவலாம். பட்டாசு ஆலையில் விபத்து நேரும் போதெல்லாம் பொறுப்பு யாருடையது என்றன்றோ கேட்கின்றோம்? அக்கேள்விக்கு இரு கொள்கைகளும் வெவ்வேறு விடை கூறுகின்றன.

அமெரிக்கக் கொள்கை தனிமனிதனை முதலில் வைக்கின்றது. அரசின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்து, பேச்சுரிமை, வழிபாட்டுரிமை முதலியவற்றைக் காக்கின்றது. உயர்வும் தாழ்வும் அவரவர் பொறுப்பு என்பது அதன் போக்கு. ஆயினும், மாந்தர் யாவரும் சமம் என 1776-இல் அறிவித்த அந்நாட்டில் அடிமை முறை 1865-இல்தான் ஒழிந்தது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமை மெய்யாவதற்கு 1965-ஆம் ஆண்டின் சட்டம் தேவைப்பட்டது. காலில் விலங்கிட்டவனை நோக்கி, ஓடாதது உன் குற்றம் என்பது நீதியாகாது.

ஆலையும் நிலமும் சிலர் கையில் உள்ளவரை சமத்துவம் வெறுஞ்சொல்லே என்பது பொதுவுடைமைக் கொள்கை. 1917-இன் புரட்சிக்குப் பின்னர் ரஷ்யாவில் எழுத்தறியா மக்களுக்குக் கல்வி பரவியது. ஆனால் ஒரு கட்சியே ஆண்டது. மாற்றுக் கருத்துரைத்தோர் சிறைப்பட்டனர். 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. உணவுக்கு உறுதி கூறி வாய்க்குப் பூட்டிடுவதும் நீதியாகாது.

அண்ணல் அம்பேத்கர் இவ்விரண்டையும் நன்கு அறிந்தவர். 1913-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற் பயிலச் சென்றவர். ஆயினும் முதன்மைத் தொழில்கள் அரசுடைமையாதல் வேண்டும் என 1947-இல் எழுதினார். 1956 நவம்பரில் காத்மாண்டுவில் புத்தரையும் மார்க்சையும் ஒப்பிட்டுப் பேசியபோது, சுரண்டலை ஒழிக்கும் நோக்கத்தை ஏற்றார். வன்முறையையும் சர்வாதிகாரத்தையும் மறுத்தார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றும் பிரிக்கலாகாதவை என்பதே அவர் கண்ட முடிபு.

நம் ஊருக்கு வருவோம். பதினான்கு வயதுக்குட்பட்டோரை ஆலையில் அமர்த்தலாகாது என 1950 முதலே அரசியல் சட்டம் விதித்துள்ளது. எனினும் நாம் பள்ளியிற் பயின்ற 1980-களில், விடியுமுன்னரே ஆலை வண்டி ஊருக்குள் வரும். நம்முடன் பயின்றோர் சிலர் தூக்குவாளியுடன் அதில் ஏறிச் சென்றனர். வகுப்பில் அவர்கள் இடம் வெறுமையாயிற்று. யாரும் அவர்களைக் கட்டி இழுத்துச் செல்லவில்லை. ஆனால் பெற்றோர் முன்பணம் பெற்றிருந்தனர். இதனை அவர்தம் சொந்த விருப்பம் எனக் கூறலாமோ?

சிவகாசிக் குழந்தைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பு வழங்கியது. சட்டத்தை மீறிப் பணியில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. அரசுக்கும் கடமை வகுத்தது. பொறுப்பு முதற்கண் வலியவருடையது என்பதே இதன் பொருள்.

2012 செப்டம்பர் 5, ஆசிரியர் நாளன்று, முதலிப்பட்டி வெடி விபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய துயரங்களில், தொழிலாளியின் கவனக்குறைவு எனக் கூறி முடிப்பது எளிது. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என விதிகள் உள்ளன. அவற்றைக் காப்பது உரிமம் பெற்றோரின் கடமை. கண்காணிப்பது அரசின் கடமை.

நமக்குப் பொறுப்பே இல்லையோ? உண்டு. விதியை அறிந்துகொள்வதும், மீறலைக் கேட்பதும் நம் பொறுப்பு. ஒருவர் தனித்துக் கேட்டால் மறுநாள் வேலையில்லை; ஊரே சேர்ந்து கேட்டால் பதில் கூறியாக வேண்டும். ஆதலின், நம் சங்கத்தால் பட்டம் பெற்ற இளைஞர்களே! ஞாயிறுதோறும் மாலையில் ஊர்ப் பெரியோரையும் தாய்மாரையும் கூட்டி, அவ்விதிகளைத் தமிழில் விளக்கிக் கூறுங்கள். சங்கம் உங்களுக்களித்த கல்விக்கு நீங்கள் செலுத்தும் கைம்மாறு அதுவே.