சிறுவர் கதையும் தழுவுவோர் கடமையும்



ஒரு நாட்டிற் பிறந்த கதையை வேறொரு நாட்டுப் பிள்ளைகளிடம் கொண்டுசெல்பவர் எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது? இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, ‘செயிலர் மூன்’ என்னும் யப்பானியத் தொலைக்காட்சிச் சித்திரத் தொடரின் முதற் பருவமும், அதற்கு அமெரிக்க நிறுவனமொன்று ஆக்கிய ஆங்கிலத் தழுவலுமாகும்.

நவோக்கோ தக்கேயுச்சி என்னும் பெண்மணி சிறுமியர் சஞ்சிகையொன்றில் வரைந்த சித்திரக்கதையே இதற்கு மூலம். 1992 மார்ச் 7ஆந் திகதி தொடங்கிய முதற் பருவம், 1993 பெப்ரவரி 27ஆந் திகதி 46ஆம் அங்கத்தோடு நிறைவெய்தியது. கதைத் தலைவி உசாகி 14 வயது மாணவி. பாடசாலைக்குப் பிந்திச் செல்பவள், தேர்வில் 30 புள்ளி பெற்று வீட்டில் ஏச்சு வாங்குபவள், எடுத்ததற்கெல்லாம் அழுபவள். பேசும் கரும்பூனையொன்று அவளுக்கு மந்திரப் பதக்கமொன்றைக் கொடுக்கிறது. அதன் வலிமையால் அவள் மாலுமிச் சீருடை தரித்த வீராங்கனையாக உருமாறித் தீய சக்திகளோடு பொருதுகிறாள். அவளைப் போன்ற தோழியர் நால்வர் ஒருவர்பின் ஒருவராக வந்து சேர்கின்றனர்.

1995ஆம் ஆண்டு டிக் என்னும் நிறுவனம் இத்தொடரை ஆங்கிலத்திலே தழுவி ஆக்கியது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் கனடாவிலும், செப்டெம்பர் மாதம் அமெரிக்காவிலும் அது ஒளிபரப்பாகத் தொடங்கியது. அம்முயற்சி இல்லையேல் அந்நாட்டுச் சிறுமியர் பலர் உசாகியை அக்காலத்தில் அறிந்தே இருக்கமாட்டார்கள். அந்த நன்றியை மறவாமலே மேலே செல்வோம்.

தழுவலில் உசாகி ‘செரீனா’ ஆனாள். சுக்கினோ உசாகி என்னும் அவளது முழுப்பெயர், நிலவின் முயல் என ஒலிக்கும் சிலேடை. நிலவின் கறையை முயலாகக் காணும் மரபு தமிழிலும் உண்டாதலால், நமக்கு அதன் நயம் எளிதில் விளங்கும். ஆங்கிலச் சிறுமிக்கு விளங்குவது அரிது. அவளது கொண்டையைப் பார்த்து யப்பானியர் மாவுருண்டைத் தலை என்று கேலி செய்ய, ஆங்கிலத்தார் இறைச்சியுருண்டைத் தலை என்றனர். நாமாயின் கொழுக்கட்டைத் தலை என்றிருப்போம்! இவையெல்லாம் கதையின் ஆடைகள். ஊருக்கேற்ப ஆடை மாற்றுவதிற் குற்றமில்லை.

ஆனால், மாற்றம் ஆடையோடு நிற்கவில்லை. தன் தோழனாகிய படைத்தலைவன்மீது காதல் கொண்ட ஆண் பாத்திரமொன்று பெண்ணாக்கப்பட்டது. ஐந்து அங்கங்கள் முற்றாக நீக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, தோழியருள் ஒருத்தியாகிய மினாக்கோ இலண்டனில் வாழ்ந்த பழைய வாழ்வையும் அவள் இழந்த அன்பையும் கூறுவது. இறுதி இரண்டு அங்கங்களும் ஒன்றாகச் சுருக்கப்பட்டன. 46 அங்கங்கள் 40 ஆயின.

அவ்விறுதி அங்கங்களில் நிகழ்வது யாது? வடதுருவப் பனிவெளியிலே பகைவர் மாயத் தோற்றங்களால் ஐவரையும் மருட்டுகின்றனர். உசாகி உயிரோடு முன்னேற வேண்டுமென்று மக்கோத்தோ முதலில் உயிர் துறக்கிறாள். பின்னர் அமி, மினாக்கோ, ரெய் ஆகியோரும் மடிகின்றனர். எடுத்ததற்கெல்லாம் அழுத அந்தப் பெண் தனியே எழுந்து நடக்கிறாள். இறுதிப் போரில் இறந்த தோழியரின் ஆவிகள் அவளுக்குத் துணைநிற்கின்றன. பகையை வென்றபின் அவளும் உயிர் நீங்குகிறாள். மீண்டும் சாதாரணச் சிறுமியாக வாழவேண்டும் என்பதே அவளது கடைசி விருப்பம். மந்திரப் பளிங்கின் ஆற்றலால் அவ்விருப்பம் நிறைவேறுகிறது. யாவரும் பழைய நினைவின்றித் தத்தம் வீடுகளிலே கண்விழிக்கின்றனர்.

ஆங்கிலத் தழுவலோ, தோழியர் இறக்கவில்லை, பகைவரிடம் சிறைப்பட்டனர் என்றது. இளம் உள்ளங்களைக் காக்கும் நோக்கமே இதற்குக் காரணம் எனலாம். நோக்கம் நன்றே, ஆயின் விளைவு யாது? சிறைப்பட்டவரை மீட்பது வீரம். இழக்கக்கூடாதவரை இழந்தபின்னும் கடமையிலிருந்து வழுவாமை அதனினும் பெரிது. அப்பெரியதனையே தழுவல் பிள்ளைகளிடமிருந்து மறைத்துவிட்டது.

பாடசாலை அதிபர் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகின்றேன். மரணத்தைப் பற்றிப் பெரியோர் வாய்திறவாதிருப்பதனால் பிள்ளை அதனை அறியாதிருப்பதில்லை, தனியே அறிகிறது. தாயையோ தந்தையையோ இழந்து வகுப்புக்குத் திரும்பும் பிள்ளைக்கு, உசாகியின் கதை துணையாகும். இறந்தவர் அனைவரும் எங்கோ சிறையிருக்கின்றனர் என்னும் கதை அத்துணையைத் தராது.

இன்னொன்று. தழுவலில் கதை முடிந்தபின் சிறியதோர் அறிவுரை சேர்க்கப்பட்டது. நாள்தோறும் காலைக் கூட்டத்தில் அறிவுரை கூறும் தொழிலுடைய நான் அதனை இகழ்வேனல்லேன். எனினும், கதையின் உள்ளே இருந்த அறத்தை நீக்கிவிட்டு, வாலிலே வேறோர் அறத்தைக் கட்டுவது முறையாகுமா?

2014ஆம் ஆண்டு முதலாக விஸ் என்னும் நிறுவனம் இத்தொடரை வெட்டின்றி, மூலப் பெயர்களோடு, மீண்டும் ஆங்கிலத்தில் வெளியிட்டது. 1995இல் தழுவலைக் கண்ட சிறுமியர் அதற்குள் வளர்ந்துவிட்டனர். அவர்களுக்கு மறைக்கப்பட்ட முடிவை, யப்பானியச் சிறுமியர் 1993இலேயே கண்டு, அழுது, மறுவாரம் தொடங்கிய அடுத்த பருவத்தையும் ஆவலோடு பார்த்திருந்தனர்.

ஆதலின், பிள்ளைகளுக்குக் கதை கொண்டுவருவோர் பெயரை மாற்றுக, கேலியை மாற்றுக, உணவையும் மாற்றுக. கதை எந்தத் துயரத்தைத் தாங்கி நிற்கிறதோ, அதனை மட்டும் மாற்றாதிருப்பாராக. பிள்ளைகள் நாம் எண்ணுவதினும் உறுதியுடையோர்.