அழிப்பிலும் தேய்மானம் உண்டு

(அரசு அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்றவர்களுக்குத் தேய்மானம் என்னும் சொல் புதிதன்று. ஆலையின் தறியும் பேருந்தின் எஞ்சினும் ஆண்டுதோறும் மதிப்பிழக்கின்றன என்று கணக்கிட்டு, அதற்கென ஒரு தொகையை ஒதுக்கி வைக்கிறோம். ஆனால் மின்னணுக் கருவிகளை வாங்கும்போது, அசையும் உறுப்பே இல்லாத நினைவகம் எவ்வாறு தேயும் என்று எண்ணி வாளாவிருந்து விடுகிறோம். இவ்வெண்ணம் பொதுப்பணத்திற்கு இழப்பை உண்டாக்கக்கூடியது.

இன்று பற்பல கருவிகள் தம் தகவல்களை ஃப்ளாஷ் நினைவகத்தில் சேமிக்கின்றன. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கியது இது. மின்சாரம் நின்ற பின்னும் பதிந்ததை இழக்காது. எனினும், எழுதிய இடத்தில் புதிதாக எழுத வேண்டுமாயின் முதலில் அதை அழித்தாக வேண்டும். எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பதோ ஒரு தொகுதி முழுவதையும் ஒருசேர. பரவலாக வழங்கும் ஒரு வகையில், 2,048 பைட் கொண்ட 64 பக்கங்கள் சேர்ந்தது ஒரு தொகுதியாகும்.

அழிக்கும்போது உயர் மின்னழுத்தம், மெல்லிய ஆக்சைடு படலத்தின் ஊடே எலெக்ட்ரான்களை வெளியே இழுக்கிறது. ஒவ்வொரு முறையும் படலம் சிறிது நலிகிறது. ஒரு கூற்றில் ஒரே ஒரு பிட்டைத் தாங்கும் வகை, ஏறத்தாழ 1 லட்சம் அழிப்புகளுக்கு ஈடுகொடுக்கும். பல பிட்டுகளைச் செறித்த மலிவான வகைகள் சில ஆயிரங்களிலேயே ஓய்ந்துவிடக்கூடும்.

ஒரு சிறு கணக்கு

அரைமணிக்கு ஒருமுறை அளவைப் பதியும் மின்மானி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 48 பதிவுகள்; பத்தாண்டுகளில் 1,75,200. ஒவ்வொரு பதிவிற்கும் ஒரே தொகுதியை அழித்தெழுதினால், உறுதியான வகை நினைவகம்கூடப் பத்தாண்டு தாங்காது. அதே வேலையை 1,000 தொகுதிகளுக்குப் பகிர்ந்தளித்தால், ஒன்றுக்கு ஏறத்தாழ 175 அழிப்புகளே நேரும். சுமையை இவ்வாறு சமமாகப் பகிர்வதே ஃப்ளாஷ் கோப்பு முறையின் முதற்கடமை.

பிழை நேர்ந்தால்

பகிர்ந்தளித்தாலும் சில தொகுதிகள் ஒருநாள் அழிய மறுக்கும். அதனைச் சில்லே அறிவித்துவிடும். அறிவிப்பைக் கேட்டு நடப்பது மென்பொருளின் பொறுப்பு. 2007-இல் லினக்ஸில் இணைந்த யுபிஐ என்னும் மேலாண்மை அடுக்கு, மீண்டும் சிலமுறை முயன்று பார்க்கும். இயலாவிடில் அத்தொகுதியைப் பழுதென்று குறித்து விலக்கி, சேமக் கையிருப்பிலிருந்து மாற்றுத் தொகுதியை அமர்த்தும். இதற்கென 1,024 தொகுதிகளுக்கு 20 வீதம் ஒதுக்குவது அதன் வழக்கமான ஏற்பாடு. கையிருப்பு தீர்ந்தால், எழுதுவதை நிறுத்திப் படிக்க மட்டும் அனுமதிக்கும். கருவி பணி செய்யாது போகலாம். பதிந்த கணக்கு காப்பாற்றப்படும்.

அழிப்பின் நடுவே மின்சாரம் தடைப்படுவது மற்றோர் இடர். அரைகுறையாக அழிந்த தொகுதி, பார்வைக்குத் தூய்மையாகவே தோன்றும். அதில் எழுதியது பின்னர் பிறழும். எனவே 2001-இல் லினக்ஸில் இடம்பெற்ற ஜேஎஃப்எஃப்எஸ்2 கோப்பு முறை, அழிப்பு முற்றுப்பெற்ற பின்னரே தொகுதியில் ஓர் அடையாளம் இடுகிறது. வெறுமையான தொகுதியில் அவ்வடையாளம் இல்லையெனில் மறுபடியும் அழிக்கும்.

அமெரிக்கா தரும் பாடம்

அழிப்பு முறைகளை எண்ணிப் பார்க்காததன் விளைவை, அமெரிக்காவில் 2021-இல் நிகழ்ந்த ஒன்று காட்டுகிறது. அந்நாட்டின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வற்புறுத்தியதன் பேரில், டெஸ்லா நிறுவனம் ஏறத்தாழ 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றின் 8 கிகாபைட் நினைவகம் சுமார் 3,000 அழிப்புச் சுழற்சிகளைத் தாங்கக்கூடியது. ஐந்தாறு ஆண்டுகளில் அது தீர்ந்துவிடக்கூடும் என்று நிர்வாகம் கண்டது. நினைவகம் செயலிழந்தபோது பின்புறக் காட்சித் திரையும் இருண்டது. காரின் ஆயுளோ அதனினும் நெடிது. சிறிய உறுப்பின் தேய்மானம், பெரிய முதலீட்டின் ஆயுளைக் குறைத்துவிட்டது.

நாம் கேட்க வேண்டியவை

நம் நாட்டில் 2021-இல் ஒப்புதல் பெற்ற மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டம், 25 கோடி திறன்மிகு மின்மானிகளை இலக்காகக் கொண்டது. இத்தகைய கொள்முதலில் விலைப்புள்ளியோடு மூன்று வினாக்களுக்கும் விடை பெறுதல் வேண்டும். நினைவகம் எத்தனை அழிப்புகளைத் தாங்கும், நாள்தோறும் எத்தனை நேரும்? சேமக் கையிருப்பு எவ்வளவு, அது குறைவதைக் கருவி யாருக்குத் தெரிவிக்கும்? அழிப்பின் நடுவே மின்சாரத்தைத் துண்டித்துச் சோதித்தனரா?

சில்லின் விலை சிறிது. பழுதானதை மாற்ற ஊழியர் ஒருவர் வீடு வீடாகச் செல்லும் செலவு பெரிது. அதனினும் பெரிது, பதிவு பிறழ்ந்ததால் தான் பயன்படுத்தாத மின்சாரத்திற்குக் கட்டணம் செலுத்த நேரும் எளிய குடும்பத்தின் இழப்பு. அது எந்தத் தேய்மானக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. ஒப்பந்தப்புள்ளியைத் தயாரிக்கும் அலுவலர் அதனை நினைவிற் கொள்வாராக.