பால்கோவா பில்லும் பைத்தானும்

ராஜபாளையத்துல காலேஜ் படிக்கும்போது மூணு வருஷம் ஜாவா எழுதினவன் நான். பைத்தான் என்ன பெரிய விஷயம்னு நினைச்சு, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பால்கோவா கடைக்கு அதுலயே பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். முதல் ஆள் வாங்கின அரைக் கிலோ, அடுத்த ஆள் பில்லிலயும் வந்துடுச்சு! அண்ணாச்சி பேசாம நோட்டை எடுத்துக் கையால கணக்கு எழுத ஆரம்பிச்சாரு.

தப்பு என்னுதுதான். லிஸ்டை ஜாவா பழக்கத்துல கிளாஸுக்குள்ள நேரா எழுதியிருந்தேன். ஜாவால அது ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனித்தனி. பைத்தான்ல எல்லாத்துக்கும் ஒரே லிஸ்ட். 'இனிட்' மெத்தடுக்குள்ள 'செல்ஃப்' போட்டு எழுதினா தனித்தனியாகிடும்.

தெரியாத விஷயத்தைத் தேடிப் படிச்சிடுவோம். தெரிஞ்ச மாதிரி இருக்கிறதுதான் கவுத்துடும். புது மொழியில ஒரு கிளாஸ் எழுதினா, ரெண்டு ஆப்ஜெக்ட் உருவாக்கிச் சோதிச்சுப் பாருங்க.