எழுத்தறிவித்தவரின் ஊதியம்

 

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் மேலகரத்தைக் கடக்கும்போதெல்லாம் திரிகூட ராசப்பக் கவிராயர் என் நினைவில் எழுவார். குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய அவருக்கு மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் நிலம் வழங்கினார். ‘குறவஞ்சி மேடு’ என்று அந்நிலம் பெயர் பெற்றது. புகழ் ஒன்றே போதும் என்று சொல்லிக் கவிராயரை வெறுங்கையோடு அனுப்பவில்லை அக்காலம்.

ஆசிரியர் திறத்தில் நாம் அவ்வாறு நடந்துகொள்கிறோமா? எழுத்தறிவித்தவரை இறைவனாகப் போற்றும் மரபு நம்முடையது. செப்டம்பர் 5ஆம் நாள் பொன்னாடை போர்த்துகிறோம். ஆனால் அவர் ஊதியம் பற்றிப் பேசினால் முகம் சுளிக்கிறோம். புறநானூற்றின் 183ஆம் பாட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன், ஆசிரியரை வழிபடுவதோடு அவருக்கு மிகுந்த பொருளும் கொடுத்துக் கற்கவேண்டும் என்கிறான். வழிபாட்டை வைத்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டவர்கள் நாமே.

ஒரு சான்று கூறுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில், 2009 மே 31 வரை பணியேற்ற இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என வகுக்கப்பட்டது. மறுநாள், ஜூன் 1 முதல் பணியேற்றவருக்கு 5,200 ரூபாய். கல்வித் தகுதி ஒன்றே, பாடநூல் ஒன்றே, பணியும் ஒன்றே. நாள் மட்டுமே வேறு. 3,170 ரூபாயாக இருந்த அவ்விடைவெளி, 2017ஆம் ஆண்டு ஊதியத் திருத்தத்தின் 2.57 என்னும் பெருக்கத்தால் கணக்குப்படி எட்டாயிரத்தைத் தாண்டியது. 2022 டிசம்பரில் இவ்வாசிரியர்கள் சென்னையில் குடும்பத்தோடு உண்ணாநோன்பு இருந்து மயங்கி விழுந்ததை நாடு கண்டது. 2023 ஜனவரி முதல் நாளன்று மூவர் குழு அறிவிக்கப்பட்ட பின்னரே அவர்கள் எழுந்து சென்றனர்.

இன்னொரு சாராரும் உளர். ஓவியமும் தையலும் உடற்பயிற்சியும் கற்பிக்க 2012இல் பகுதிநேர ஆசிரியர்கள் பதினாறாயிரத்துக்கு மேற்பட்டோர் நியமிக்கப்பட்டனர். அன்று அவர்தம் மாத ஊதியம் 5,000 ரூபாய்.

“அரசு ஆசிரியருக்கு என்ன குறை?” என்று வினவுவோர் உண்டு. நிலையான பணியில் நெடுங்காலம் இருந்த மூத்தோர் ஊதியம் குறைவென்று நான் வாதிடவில்லை. தனியார் பள்ளிகளில் அதனினும் மிகக் குறைந்த ஊதியத்துக்கு உழைக்கும் பெண்களையும் நான் அறிவேன். ஆனால் ஒருவருக்குக் கிடைக்கும் குறைவு மற்றொருவருக்கு இழைக்கும் அநீதிக்கு நியாயம் ஆகாது. நேரிய ஊதியத்தின் முதல் இலக்கணம், ஒரே பணிக்கு ஒரே ஊதியம் என்பதே. பஞ்சாப் மாநிலத் தற்காலிகப் பணியாளர் வழக்கில் 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் இதனையே வலியுறுத்தியது.

கல்லூரியில் இலக்கியம் கற்பிக்கும் என்னிடம் மாணவர் எழுத்தறிந்தே வருகின்றனர். அவர் கைபிடித்து ‘அ’ எழுதுவித்தவர் ஓர் இடைநிலை ஆசிரியர். அவரைவிட எனக்கு மதிப்பும் மிகுதி, ஊதியமும் மிகுதி. அடித்தளம் இட்டவரைவிட மாடத்தில் வண்ணம் தீட்டுபவருக்குக் கூலி மிகுதி என்பது போன்றது இது. இதனை எண்ணி நான் நாணுகிறேன்.

கவிஞர்களே, அடுத்த ஆண்டு ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்தும் மேடையில், அவர் ஊதியத்துக்காகவும் ஒரு சொல் சொல்லுங்கள். நமக்குச் சொல்லைத் தந்தவர்கள் அவர்கள். அக்கடனில் ஒரு சிறு பகுதியேனும் தீரட்டும்.