ஆமை நினைப்பும் கடற்கரைப் பாடமும்
(பங்குனி உத்திரத் திருநாளன்று திருக்கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரை)

 

குருவருளை விளக்க நம் பெரியோர் மூன்று உவமைகளைக் கையாள்வர். பறவை தன் முட்டையைத் தொட்டு அணைத்துப் பொரிக்கும். அது பரிச தீக்கைக்கு உவமை. மீன் தன் சினையை நோக்கியே பொரிக்கும். அது நயன தீக்கை. ஆமையோ கரையில் முட்டையிட்டு மணலால் மூடிவிட்டுக் கடலுக்குள் சென்று, அங்கிருந்தே நினைந்து நினைந்து பொரிக்கும். அது மானத தீக்கை. இவ்வுவமையை நாற்பது ஆண்டுகள் மேடைதோறும் சொல்லி வந்தேன். ஆனால் ஆமை முட்டையை ஒருமுறையேனும் கண்ணாற் கண்டதில்லை. 2025-ஆம் ஆண்டு மாசித் திங்களில் என் பேத்திதான், "தாத்தா, நீங்கள் சொல்லும் ஆமையைப் பார்க்கப் போகலாம், வாருங்கள்" என்று கையைப் பிடித்து இழுத்துச் சென்றாள்.

சென்னைக் கடற்கரைக்குத் தை முதல் பங்குனி வரை முட்டையிட வருவது பங்குனி ஆமை. 1970-களில் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் இரவில் கரையோரம் நடந்து இம்முட்டைகளைத் தேடத் தொடங்கினர். 1988 முதல் மாணவர் குழு ஒன்று அப்பணியை ஏற்று, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடக்கிறது. வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்வது அவர்கள் வழக்கம். அன்று எங்களோடு தாய் தந்தையரும் சிறுவர்களுமாக நாற்பது பேர் இருந்திருப்பர்.

நடுநிசி கடந்து ஒரு சுவடு தென்பட்டது. ஆமை வந்துபோய்விட்டிருந்தது. தொண்டர் ஒருவர் கோலால் மணலை மெல்ல ஊன்றிப் பார்த்து, மண் இளகிய இடத்தில் கையால் தோண்டினார். ஒன்றரை அடி ஆழத்தில், குடம்போல் அகன்ற குழியில் வெண்முட்டைகள். எண்ணும் வேலையைச் சிறுவர்களிடம் விட்டார்கள். நூற்றுப் பதினேழு! நாயும் நரியும் கிளறாதபடி அவற்றை வேலியிட்ட காப்பிடத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில் புதைத்து வைப்பார்கள்.

அப்போது என் புலமை சும்மா இருக்கவில்லை. அகநானூற்றின் 160-ஆம் பாட்டில், அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டில் ஆமை முட்டையிட்டுப் புதைப்பதையும், குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை காவல் இருப்பதையும் புலவர் பாடியிருப்பதை எடுத்துரைத்தேன். கேட்டுக்கொண்டிருந்த கல்லூரி மாணவி ஒருத்தி தயக்கத்தோடு, "ஐயா, ஆண் ஆமை கரைக்கே வராது. தாயும் திரும்பி வந்து பார்ப்பதில்லை. நாற்பத்தைந்து, ஐம்பது நாள் மணலின் சூட்டில்தான் பொரியும். சூடு மிகுந்தால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண்" என்றாள். சிறுவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடும்பையும் மணல்மேட்டையும் முட்டை புதைந்த மறைவையும் அத்துணை நுட்பமாகக் கண்ட புலவர், கணவன் காவலை மட்டும் தம் நெஞ்சிலிருந்து கொடுத்துவிட்டார் போலும்! ஐம்புலன் அடக்கத்துக்கு ஆமையைக் காட்டுகிறோமே, அதற்கும் கடலாமை உதவாதாம். அது தலையையும் துடுப்புக் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள இயலாதது. அவ்வுவமை நிலத்தாமைக்கும் குளத்தாமைக்குமே பொருந்தும்.

சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. சற்றுத் தொலைவில் ஓர் ஆமை இறந்து கிடந்தது. 2025 சனவரியில் மட்டும் சென்னையிலும் அதனை அடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இவ்வாறு ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது; இழுவை வலையில் சிக்கி மேலே வர முடியாமற்போனால் மூழ்கி மாண்டுபோகும். கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்குள் இழுவைப் படகு வரலாகாது என்பது சட்டம். "அப்படியானால் ஏன் வருகிறார்கள்?" என்று ஒரு சிறுவன் தன் தந்தையைக் கேட்டான். அவர் விடை சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

பங்குனியில் குஞ்சுகளைக் கடலில் விடும் மாலை, குடும்பத்தோடு மீண்டும் போனோம். உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சு எங்கே வெளிச்சம் மிகுந்திருக்கிறதோ அங்கே நடக்கும். இயற்கையில் அது கடல்வானம். இன்றோ சாலை விளக்கு. கடலை விட்டுச் சாலைப் பக்கம் திரும்பிய ஒரு குஞ்சைக் கண்டு என் பேத்தி அழுதேவிட்டாள். தொண்டர் அதனைத் திருப்பிவிட்டார். கரையில் எல்லாக் குழிகளுக்கும் அவ்வாறு ஆள் நிற்க முடியுமா? வீட்டுக்கு வந்ததும் மாடியில் கடலை நோக்கி எரியும் விளக்கை அவளே நிறுத்தினாள்; அன்றுமுதல் இரவு ஒன்பது மணிக்கு மேல் அதனை நாங்கள் ஏற்றுவதில்லை.

ஆகவே அறங்காவலர்களிடம் ஒரு விண்ணப்பம். கடற்கரைக் கோயில்களில் தை முதல் சித்திரை வரை, அர்த்தசாமப் பூசை முடிந்தபின் கடலை நோக்கிய மின்விளக்குகளை அணைத்துவிடலாம். சந்நிதித் தீபம் என்றும்போல் எரியட்டும். பெற்றோரே, வரும் தை மாதத்தில் பிள்ளைகளை அந்நடைக்கு அழைத்துச் செல்லுங்கள். கைவிளக்கு வேண்டா, பேச்சும் வேண்டா. குடிநீர் மட்டும் கொண்டுபோங்கள்; மணலில் நடை நீண்டது. ஆமை வராத இரவுகளும் உண்டு. நாங்கள் சென்ற இரண்டாம் இரவு விடியும்வரை நடந்தும் ஒரு சுவடுகூடக் கிடைக்கவில்லை. பேத்தி அடுத்த சனிக்கிழமையைக் குறித்து வைத்துக்கொண்டாள்.