சக்கரக் குடத்துக்குள் தண்ணீர்
(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முப்பது வருடத்துக்கு மேல் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். படித்தது பி.காம். மெக்கானிக் இல்லை. ஆனாலும் நம் பேஸ்மென்டில் ஜிப்ஸி, தார், ஜிம்னி என்று ஏழெட்டு வண்டிகள் நிற்கின்றன. எனக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள் என்றார் செயலாளர்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். பேஸ்மென்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். என் பழைய ஜிப்ஸி இரண்டு நாள் அதில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் மெக்கானிக் வந்து ஆயில் மாற்றினார், சீட்டைக் காய வைத்தார், "எல்லாம் ஓகே சார்" என்றார். வண்டியும் நன்றாகவே ஓடியது.

மே மாதம் குடும்பத்தோடு ஏலகிரி கிளம்பினோம். ராணிப்பேட்டை தாண்டியதும் ஒரு 'உம்' என்ற சத்தம். டயர் சத்தம் என்று விட்டுவிட்டேன். பேரன்தான், "தாத்தா, ஏரோப்ளேன் மாதிரி கேட்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஆம்பூர் தாண்டி டீக்கு நிறுத்தி, முன் இடது சக்கரத்தின் நடுவில் கை வைத்தேன். சுட்டுவிட்டது. பக்கத்துப் பட்டறையில் கழற்றினார்கள். உள்ளே கிரீஸ் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது. பேரிங் துருப்பிடித்துச் சொரசொரப்பாகிவிட்டது. "இதோட மலை ஏறியிருந்தா சக்கரம் தனியா போயிருக்கும்" என்றார் பட்டறைக்காரர். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

டிசம்பரில் புகுந்த தண்ணீர் மே மாதம் ஏன் காட்டியது? சக்கரத்தின் நடுக்குடத்தில், அதாவது ஹப்பில், பேரிங்கைக் காப்பது ஒரு ரப்பர் சீல்தான். அது சேறு தெறிப்பதைத் தடுக்கும். தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் தாங்குவது கஷ்டம். கசிந்த தண்ணீர் கிரீஸோடு கலந்து, வழவழப்பைக் கெடுத்து, துருவை மெதுவாக வளர்க்கிறது.

ஓட்டிக்கொண்டே தண்ணீரில் இறங்குவதில் இன்னொரு ஆபத்து. பிரேக் பிடித்து ஓடிய ஹப் சூடாக இருக்கும். சட்டென்று குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீலின் ஓரமாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஆகவே ஆற்றையோ, வெள்ளம் நிற்கும் சுரங்கப்பாதையையோ கடக்கும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தி ஆற விடுங்கள்.

தார் வைத்திருப்பவர்கள், "650 மில்லிமீட்டர் ஆழம் வரை போகலாம்னு கம்பெனியே சொல்லுதே" என்பீர்கள். உண்மைதான், போகலாம். ஆனால் சக்கரத்தின் நடு தரையிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர்தான். அந்த ஆழத்தில் ஹப் முழுக்க மூழ்கிவிடும். போய் வந்த பிறகு பார்க்க வேண்டும்.

பார்ப்பது எளிது. வண்டியை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. சுழற்றினால் கரகரப்பு கூடாது. ஜிப்ஸி போன்ற பழைய வண்டியில் ஹப்பைத் திறந்து, பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து, பேரிங்கைக் கழுவிக் காயவைத்து, புது கிரீஸும் புது சீலும் போடலாம். பழைய கிரீஸின் மேலேயே புதியதை அப்பும் பட்டறைகள் உண்டு, பக்கத்திலேயே நின்று பாருங்கள். புதிய வண்டிகள் பலவற்றில் ஹப்பும் பேரிங்கும் ஒரே மூடிய பாகம். கெட்டால் முழுதாக மாற்ற வேண்டியதுதான். அதோடு ஆக்சிலில் இருக்கும் டிஃபரென்ஷியல் ஆயிலும் பால் நிறமாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை ஹப்பின் நடுவில் காட்ட விடாதீர்கள். வெயில் காலத்திலும் அது சீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளும். நம் வளாகத்தில் வண்டி கழுவும் பையனிடம் நான் சொல்லிவிட்டேன், நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

என்னிடம் நல்ல ஜாக்கும் இரண்டு ஸ்டாண்டும் இருக்கின்றன. மழைக்கு முன் வரும் சனிக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கு சி பிளாக் பின்புறம் இருப்பேன். வண்டியைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து ஆட்டிப் பார்ப்போம்.